‘தரமான’ என்றால் எவ்வளவு? கட்டட விவரக்குறிப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

கட்டட ஒப்பந்தங்களைப் புரட்டினால் இப்படி ஒரு வரி கண்ணில் படும்: “மொட்டை மாடியில் தரமான பொருளைக் கொண்டு, நல்ல முறையில், போதிய கனத்துக்கு நீர்க்கசிவுத் தடுப்பு செய்யப்படும்.” படிக்கும்போது குறையொன்றும் தெரியாது. கட்டுகிறவரும் கட்டச் சொன்னவரும் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். கூரை ஒழுகத் தொடங்கியதும் அதே வரியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார வேண்டியிருக்கும். தரமான என்றால் எந்தத் தரம்? நல்ல முறை என்றால் யார் சொன்ன முறை? போதிய கனம் என்றால் எத்தனை மில்லிமீட்டர்? ‘செய்யப்படும்’ சரி, யார் செய்வார்? நான்கு கேள்விக்கும் அந்த வரியில் பதில் இல்லை.

அந்த வரி இருக்கும் ஆவணத்துக்குப் பெயர் விவரக்குறிப்பு. அலுவலகத்திலும் சைட்டிலும் ‘ஸ்பெக்’ என்றுதான் சொல்வார்கள். எந்தப் பொருள், அது எந்தத் தரத்தில் இருக்க வேண்டும், அதை எப்படிப் பொருத்த வேண்டும், சரியாகச் செய்திருக்கிறார்களா என்று எப்படிச் சோதிப்பது என இந்த நான்கையும் எழுத்தில் சொல்லும் ஆவணம் அது. பலரும் இதைப் பொருள் பட்டியல் என்று நினைக்கிறார்கள். வேறு சிலர், பழைய வேலையின் கோப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிடும் சடங்கு என்று நினைக்கிறார்கள். கட்டடத்தின் பாதுகாப்பும் ஆயுளும் இந்த வரிகளில் எவ்வளவு தங்கியிருக்கின்றன என்று தெரிந்தால் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

நான் எந்த ஸ்பெக்கைப் படித்தாலும் ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: இதை யாராவது சோதித்துப் பார்த்து ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்ல முடியுமா? முடியாது என்றால் அந்த வரி ஆசையைத்தான் சொல்கிறது. ஆசையை வைத்து யாரையும் பொறுப்பாக்க முடியாது.

வரைபடம் சொல்லாத விஷயங்கள்

சட்டை தைக்கக் கொடுக்கிறீர்கள். தையற்காரர் மார்பளவு, தோளளவு, கை நீளம் எல்லாம் குறித்துக்கொள்கிறார். அந்தச் சீட்டைப் பார்த்தால் சட்டை எந்த அளவில் வரும் என்று தெரியும். துணி பருத்தியா, துவைத்தால் சாயம் போகுமா, சுருங்குமா, தையல் ஒற்றையா இரட்டையா என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்காது. சட்டை எத்தனை நாள் உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பவை அவைதான்.

கட்டடத்தில் வரைபடம் என்பது அந்த அளவுச் சீட்டு. சுவர் எங்கே, தூண் எத்தனை, கதவு எவ்வளவு அகலம் என்று அது சொல்லும். கான்கிரீட் எந்தப் பலத்தில் வேண்டும், கம்பியைச் சுற்றி எவ்வளவு கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், அந்தக் கதவு தீயை எத்தனை நிமிடம் தாங்க வேண்டும் என்பதெல்லாம் ஸ்பெக்கின் வேலை. வரைபடம் ‘எங்கே, எவ்வளவு’ என்பதற்குப் பதில். ஸ்பெக் ‘எது, எப்படி, எப்போது சரி’ என்பதற்குப் பதில். ஒரே விஷயத்தை இரண்டிலும் எழுதினால் ஒன்றைத் திருத்தும்போது மற்றதை மறந்துவிடுவோம். அப்புறம் இரண்டும் ஒன்றோடொன்று முரண்படும். அதனால் ஒவ்வொரு தகவலும் ஓரிடத்தில், ஒரே ஒருமுறை இருந்தால் போதும்.

அந்த மொட்டை மாடி வரியைத் திருத்துவோம்

முதலில் பார்த்த வரியையே எடுத்துக்கொள்வோம். ‘செய்யப்படும்’ என்ற சொல்லைத்தான் நான் முதலில் அடிப்பேன். தமிழில் இந்த வடிவம் மரியாதையாகத் தோன்றும். ஆனால் வேலை செய்யப்போகிறவர் யார் என்பதை அது மறைத்துவிடுகிறது. ‘ஒப்பந்தக்காரர் செய்ய வேண்டும்’ என்று எழுதினால் ஆள் தெரிகிறார், கடமையும் தெரிகிறது.

அடுத்து ‘தரமான’, ‘நல்ல’, ‘போதிய’ மூன்றையும் எடுத்துவிட்டு அளவுகளைப் போடுவோம். கீழே இருப்பது மாதிரிதான். அளவுகள் வேலைக்கு வேலை மாறும்.

“பூச்சு போடும் முன், 100 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் வீதம் தண்ணீர் வெளியேறும் குழாயை நோக்கித் தளம் சரிகிறது என்று ஒப்பந்தக்காரர் அளந்து காட்ட வேண்டும். பூச்சு முழுவதும் தயாரிப்பாளர் குறிப்பிட்ட கனத்தில் இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில், முடிந்த தளத்துக்கு மேல் 150 மில்லிமீட்டர் உயரம் வரை பூச்சு ஏற வேண்டும். பூச்சு காய்ந்த பிறகு குழாய்களை அடைத்து, 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் வைக்க வேண்டும். கீழே எங்கும் ஈரம் தெரியக் கூடாது. பொறியாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே மேலே ஓடு பதிக்கலாம்.”

வரி நீண்டுவிட்டது, உண்மைதான். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு டேப்பும், பூச்சின் கனம் அளக்கும் கருவியும், ஒரு கடிகாரமும் வைத்துக்கொண்டு சோதித்துவிடலாம். (25 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ. தளம் அதைத் தாங்கும் என்று பொறியாளர் முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும். சோதனைக்கும் எடை உண்டு.)

அந்தக் கடைசி வாக்கியத்தில் உள்ள ‘பிறகே’ என்ற சொல்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இப்படி ஒரு சோதனை முடியும் வரை அடுத்த வேலையைத் தொடங்கக் கூடாது என்று குறிக்கும் இடத்துக்கு நிறுத்தப் புள்ளி என்று பெயர். கட்டட வேலையில் பல தவறுகள் மூடப்பட்டுவிடுகின்றன. பூச்சை ஓடு மூடும், கம்பியைக் கான்கிரீட் மூடும், குழாயைச் சுவர் மூடும். மூடுவதற்கு முந்தைய மணி நேரத்தில் பார்க்கத் தவறியதை அப்புறம் உடைத்துத்தான் பார்க்க முடியும். ஸ்பெக் எழுதுகிறவர் ‘எது எதை மூடப்போகிறது’ என்று வரிசையாக யோசித்தால் நிறுத்தப் புள்ளிகள் எங்கே வர வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இதுவரை பார்த்தது: செய்பவர் பெயர் இருக்க வேண்டும், அளவு இருக்க வேண்டும், சோதனை இருக்க வேண்டும், சோதனைக்கு நேரம் குறித்திருக்க வேண்டும்.

வழியைச் சொல்வதா, பலனைச் சொல்வதா?

ஊருக்குப் போக வண்டி பிடிக்கிறீர்கள். ஓட்டுநரிடம் “இந்தச் சாலையில் போய், பாலத்தைத் தாண்டி, இடது பக்கம் திரும்புங்கள்” என்று சொல்லலாம். அல்லது “ஒன்பது மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்” என்று சொல்லலாம். ஸ்பெக்கிலும் இந்த இரண்டு வகை உண்டு. பொருளையும் வேலை முறையையும் படிப்படியாகச் சொல்வது செய்முறை வகை. முடிவில் என்ன பலன் வேண்டும் என்று மட்டும் சொல்லி, வழியைச் செய்பவரிடம் விடுவது செயல்திறன் வகை.

செயல்திறன் வகை ஏதோ புதிய கண்டுபிடிப்பு என்று பேசுவார்கள். சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோன் மன்னர் ஹம்முராபியின் சட்டத்திலேயே அதன் சாயல் இருக்கிறது. ஒருவர் கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரர் இறந்தால் கட்டியவருக்கு மரண தண்டனை என்கிறது அந்தச் சட்டம். சுவர் எத்தனை கனம், என்ன செங்கல் என்றெல்லாம் சொல்லவில்லை. வீடு விழக் கூடாது, அவ்வளவுதான். அதில் உள்ள பெரிய ஓட்டையையும் கவனியுங்கள். வீடு விழுந்த பிறகுதான் சோதனை முடிவு தெரிகிறது. பலனை மட்டும் எழுதிவிட்டு, ஒப்படைக்கும் முன் அதை எப்படிச் சோதிப்பது என்று எழுதாத ஸ்பெக் இன்றும் இதே இடத்தில்தான் நிற்கிறது.

எந்த வகையைத் தேர்வது என்பதற்கு நான் பின்பற்றும் வழி எளிது. ஒப்படைக்கும் முன் பலனைச் சோதிக்க முடியும் என்றால் பலனை எழுதுங்கள். கான்கிரீட்டின் பலம், அறையின் சத்தத் தடுப்பு, கதவு தாங்கும் தீ நேரம் போன்றவை அந்த ரகம். சோதிக்க முடியாதவற்றுக்கு வழியை எழுதுங்கள். கம்பிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, வார்த்த கான்கிரீட்டுக்கு எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும் என்பவை இந்த ரகம்.

தவிர்க்க வேண்டியது, ஒரே விஷயத்துக்கு இரண்டையும் எழுதுவது. கலவையின் சிமெண்ட், மணல், ஜல்லி அளவை எல்லாம் நீங்களே நிர்ணயித்துவிட்டு, ‘இந்தப் பலமும் கட்டாயம் வர வேண்டும்’ என்று சேர்த்து எழுதினால், பலம் வராதபோது யார் பொறுப்பு? “நீங்கள் சொன்ன கலவையைத்தான் போட்டேன்” என்பார் ஒப்பந்தக்காரர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கும்.

ஐந்து லிட்டர் தண்ணீர் செய்யும் வேலை

ஸ்பெக்கின் ஒரு எண்ணுக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பதற்குக் கான்கிரீட்டில் சேரும் தண்ணீரைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சிமெண்டும் தண்ணீரும் வேதிவினை புரிந்துதான் கான்கிரீட் கெட்டியாகிறது. அந்த வினைக்கு, சிமெண்டின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தண்ணீர் போதும். அதற்கு மேல் சேர்ப்பது கலவை இளகி, அச்சுக்குள் வழிந்து நிரம்புவதற்காக. அந்த மிச்சத் தண்ணீர் பிறகு வெளியேறும்போது, அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகளாக நிற்கும். துளைகள் கூடினால் பலம் குறையும். காற்றும் உப்பும் ஈரமும் அந்தத் துளைகள் வழியே கம்பியைத் தேடி உள்ளே போகும். கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும்.

தண்ணீரின் எடையைச் சிமெண்டின் எடையால் வகுத்தால் வருவது நீர்-சிமெண்ட் விகிதம். கான்கிரீட்டின் பலம் இந்த விகிதத்தைச் சார்ந்தது என்று அமெரிக்க ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-இல் ஆய்வு முடிவாக வெளியிட்டார். ஸ்பெக் 0.45 என்று சொல்கிறது என்று வையுங்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீர். மணலிலும் ஜல்லியிலும் உள்ள ஈரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கலவை இறுகலாக இருக்கிறது என்று ஒருவர் ஐந்து லிட்டர் கூடுதலாக ஊற்றுகிறார். விகிதம் 0.55 ஆகிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. கம்பி நெருக்கமாக இருக்கிறது, வெயில் ஏறுகிறது, கலவை உள்ளே இறங்க மறுக்கிறது. அந்த இடத்தில் நின்றால் நமக்கும் கை வாளிக்குத்தான் போகும்.

அதனால்தான் நல்ல ஸ்பெக் ‘தண்ணீர் சேர்க்கக் கூடாது’ என்பதோடு நிற்காது. தண்ணீர் சேர்க்காமலே கலவை இளக வழி சொல்லும். இளக்கும் ரசாயனத்தை எந்த அளவு வரை சேர்க்கலாம், யார் அனுமதிக்க வேண்டும் என்று எழுதும். கூடவே ஸ்லம்ப் சோதனையையும் கேட்கும். 300 மில்லிமீட்டர் உயரம், அடியில் 200, மேலே 100 மில்லிமீட்டர் விட்டம் கொண்ட ஒரு இரும்புக் கூம்பு. கலவையை மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி நிரப்புவார்கள். கூம்பை மெதுவாக நேரே மேலே தூக்கியதும் உள்ளே இருந்த கலவை தன் எடையில் சற்று அமர்ந்து நிற்கும். எத்தனை மில்லிமீட்டர் அமர்ந்தது என்பதுதான் ஸ்லம்ப். 100 என்று ஒப்புக்கொண்ட இடத்தில் 180 வந்தால் கலவை கொண்டுவந்த அந்த லாரியில் ஏதோ மாறியிருக்கிறது. சில நிமிட வேலைதான். கான்கிரீட்டை ஊற்றும் முன்பே தெரிந்துவிடும்.

பலத்தைச் சோதிக்க வார்த்து வைக்கும் கட்டிகளின் முடிவோ வழக்கமாக 28 நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் மேலே இன்னொரு தளம் ஏறியிருக்கும்.

‘அல்லது அதற்குச் சமமானது’

ஸ்பெக்கில் ஒரு பொருளைச் சொல்லிவிட்டு ‘அல்லது அதற்குச் சமமானது’ என்று சேர்ப்பது பழக்கம். போட்டி இருக்கட்டும், ஒரே தயாரிப்பாளரிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சேர்ப்பது. நோக்கம் நல்லது. ஆனால் எதில் சமம் என்று எழுதாவிட்டால், விலையிலும் நிறத்திலும் சமமானது வந்து நிற்கும்.

லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பைப் புதுப்பித்தபோது, வெளிப்புறத் தகடுகளுக்கு முதலில் திட்டமிட்ட உலோகம் துத்தநாகம். பின்னர் அதைவிட மலிவான அலுமினியக் கூட்டுத் தகடு பொருத்தப்பட்டது. அதன் நடு அடுக்கு பாலிஎத்திலீன், அதாவது எரியும் பிளாஸ்டிக். 2017 ஜூன் 14 அன்று சமையலறை ஒன்றில் பற்றிய தீ வெளிச்சுவர் வழியாகக் கட்டடம் முழுக்க ஏறியது. 72 பேர் இறந்தார்கள். தீ அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அந்தத் தகடுதான் முதன்மைக் காரணம் என்று விசாரணை கண்டது. இதை எழுதும்போது மனம் கனக்கிறது. ஒரு பொருளை மாற்றும்போது ‘இது தீயில் எப்படி நடந்துகொள்ளும்?’ என்ற கேள்வியைத் தாண்ட முடியாதபடி ஆவணமும் அதைச் சுற்றியுள்ள நடைமுறையும் இருந்திருக்க வேண்டும்.

பொருள் மாறாமல் இணைப்பு மட்டும் மாறினாலும் இதே கதிதான். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஒரு ஹோட்டலில், உத்தரத்திலிருந்து கம்பிகளில் தொங்கும் நடைபாலங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. முதல் திட்டப்படி ஒரே நீளக் கம்பி இரண்டு பாலங்களையும் தாங்க வேண்டும். பொருத்தச் சுலபமாக இருக்கும் என்று அதை இரண்டு துண்டுக் கம்பியாக மாற்றினார்கள். ஒரு கயிற்றை இரண்டு பேர் தனித்தனியே பிடித்துத் தொங்குவதற்கும், ஒருவர் கயிற்றைப் பிடிக்க இன்னொருவர் அவர் காலைப் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. கயிற்றுக்கு அதே எடை. மேலே இருப்பவரின் கைக்கு இரண்டு மடங்கு. முதல் திட்டமே விதிப்படி தேவையான பலத்தில் இல்லை என்று பிறகு தெரிந்தது. மாற்றம் அதை இன்னும் மோசமாக்கியது. 1981 ஜூலை 17 அன்று பாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள்.

ஆகவே, மாற்றுப் பொருள் பற்றிய பத்தியில் என்னென்ன குணங்களில் சமம் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். எந்தச் சோதனைச் சான்று வேண்டும், யார் ஒப்புதல் தர வேண்டும், அவர் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாரா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கிய பிறகு கேட்கும் ஒப்புதலை ஏற்க முடியாது என்று ஒரு வாக்கியமும் சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘60 நிமிடத் தீத்தடுப்புக் கதவு’ என்று எழுதுகிறோம். சோதனைச் சூளையில் 60 நிமிடம் நின்றது கதவுப் பலகை மட்டுமில்லை. சட்டம், கீல், பூட்டு, சூட்டில் உப்பி இடைவெளியை அடைக்கும் பட்டை எல்லாம் சேர்ந்த தொகுப்பு. பலகையை மட்டும் வாங்கிச் சாதாரணக் கீலில் மாட்டினால் அந்த 60 நிமிடத்துக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ‘சோதிக்கப்பட்ட அதே தொகுப்பாகப் பொருத்த வேண்டும்’ என்ற ஒரு வரி அங்கே உயிர் காக்கும்.

சுருக்கமாக: சமம் என்ற சொல்லுக்கு எப்போதும் ‘எதில்’ என்ற துணை வேண்டும்.

பசுமை என்று எழுதினால் பசுமை வராது

‘சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருட்களையே பயன்படுத்த வேண்டும்’ என்ற வரியும் அந்த மொட்டை மாடி வரியின் உறவுதான். இங்கேயும் எண் வேண்டும்.

உலகின் கரியமில வாயு வெளியீட்டில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கும் மேல், எரிபொருளிலிருந்து வருவது கிடையாது. சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கும்போது கல்லிலிருந்தே வெளியேறும் வாயு. ஆகவே சிமெண்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக, அனல் மின் நிலையச் சாம்பலையோ இரும்பு உலைக் கசடையோ சேர்ப்பது நேரடியான பலன் தரும். ஆனால் இந்தக் கலவைகள் பலம் பிடிக்கக் கூடுதல் நாள் எடுக்கும். ஸ்பெக்கில் பழைய பழக்கத்தில் ‘28 நாளில் முழுப் பலம்’ என்று ஒரு வரியும், ‘குறைந்தபட்சச் சிமெண்ட் இவ்வளவு’ என்று இன்னொரு வரியும் இருந்தால், பசுமைக் கலவை கதவருகிலேயே நின்றுவிடும். பல மாதம் கழித்துத்தான் முழுச் சுமை ஏறப்போகும் அடித்தளத்துக்கு 28 நாள் அவசரம் எதற்கு? 56 நாள் என்று மாற்றி எழுதலாம். ஒரு எண்ணைத் திருத்தினாலே நிறையச் சிமெண்ட் மிச்சமாகும். தூணுக்கும் சீக்கிரம் சென்ட்ரிங் பிரிக்க வேண்டிய தளத்துக்கும் இதே தளர்வைத் தரக் கூடாது. இடம் பார்த்து எழுத வேண்டும்.

பொருள் தயாரிப்பில் எவ்வளவு வாயு வெளியாகிறது, எவ்வளவு தண்ணீரும் மின்சாரமும் செலவாகிறது என்று கணக்கிட்டு, வெளியாள் ஒருவர் சரிபார்த்த அறிக்கைக்கு ஈ.பி.டி. என்று பெயர். இதைப் பசுமைச் சான்றிதழ் என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். உணவுப் பொட்டலத்தின் பின்பக்கம் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அச்சடித்திருக்குமே, அது போன்றது. நல்லது கெட்டது என்று அது சொல்லாது. ‘ஈ.பி.டி. தர வேண்டும்’ என்று மட்டும் கேட்டால் அதிக வாயு வெளியிடும் பொருளும் அறிக்கையோடு வந்து சேரும். ‘ஒரு கன மீட்டருக்கு இந்த அளவுக்கு மேல் போகக் கூடாது, அதை ஈ.பி.டி. மூலம் காட்ட வேண்டும்’ என்று எழுதினால்தான் பயன்.

இவ்வளவுக்கும் மேல், நீண்ட நாள் நிற்கும் கட்டடமே பெரிய சிக்கனம் என்பது என் எண்ணம். கம்பியின் மேல் கான்கிரீட் மூடல் சரியாக இருந்து, தண்ணீர் விட்டு ஆற வைத்த நாட்களும் குறையாமல் இருந்தால், பாதுகாப்பும் பசுமையும் ஒரே வரியில் கிடைத்துவிடும்.

வெட்டி ஒட்டிய பக்கங்கள்

நான் ஒருமுறை படித்த ஸ்பெக் ஒன்றில், கடலிலிருந்து வெகுதொலைவில் கட்டும் கட்டடத்துக்குக் கடல் நீரில் மூழ்கும் தூண்களுக்கான பத்தி இருந்தது. பழைய கோப்பிலிருந்து வந்தது. இப்படி ஒரு பத்தியைப் பார்த்துவிட்டால் வேலை செய்பவர் மற்றப் பக்கங்களையும் நம்ப மாட்டார். தேவையான வரியும் தேவையற்ற வரியோடு சேர்ந்து அடிபட்டுப்போகும். மாதிரி ஆவணத்தை வைத்துத் தொடங்குவதில் தவறில்லை. அமெரிக்காவில் 1948-இல் தொடங்கிய கட்டட விவரக்குறிப்பு நிறுவனம் இதற்கென்றே வேலைகளை எண் வரிசையில் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு பிரிவும் பொது விஷயம், பொருள், செய்முறை என்று மூன்று பகுதியாக இருக்கும். அந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை இந்தக் கட்டடத்துக்காக எழுத வேண்டும்.

எழுதி முடித்ததும், சைட்டில் மேற்பார்வை பார்க்கப்போகிறவரிடம் ஒரு பிரதியையும் ஒரு பென்சிலையும் கொடுங்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும், ‘இதை நான் எதை வைத்து, எப்போது சோதிப்பேன்?’ என்று அவர் இரண்டு மூன்று சொல்லில் எழுதட்டும். டேப், கூம்பு, சான்றிதழ், 48 மணி நேரம் என்று எழுதிக்கொண்டே வருவார். ஓரம் காலியாக நிற்கும் வரிகளை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.